மானிப்பாய் முதல் வில்லரே வரை: தமிழ் நூலெழுத்தின் மரபும் இருமொழிப் பக்கமும்

முன்னுரை

கனடாவின் மொன்றியல் மாநகரில் வில்லரே, சென் மிஷெல், பார்க் எக்ஸ்டென்ஷன் ஆகிய மூன்று பகுதிகளும் 2002ஆம் ஆண்டின் நகர இணைப்பின்போது ஒரே ஆட்சிப் பிரிவாயின. 1980களிலிருந்து ஈழத்தமிழர் பலர் குடியேறி வாழ்ந்துவரும் இடங்களுள் இப்பிரிவும் ஒன்று. இங்குள்ள கடைப்பலகைகளில் தமிழெழுத்து தனித்து நிற்பதில்லை. பிரெஞ்சு மொழியின் அருகில் நிற்கின்றது. இவ்விரண்டின் அளவு விகிதத்தையும் கியூபெக் மாநிலச் சட்டமே வரையறுத்துள்ளது. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம் 1993இல் திருத்தப்பட்டபோது, பிறமொழிகள் பலகைகளில் இடம்பெறலாம், ஆயினும் பிரெஞ்சு தெளிவாக மேலோங்கி நிற்றல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒரே பலகையில் இரு மொழிகளும் வருமாயின், பிரெஞ்சு எழுத்துக்கள் ஏனைய மொழியினும் குறைந்தது இருமடங்கு பெரியனவாக இருத்தல் வேண்டும் என அதன்வழி வந்த விதி அளவையும் குறித்தது.

பலகைக்குச் சட்டம் உண்டு, நூலுக்கு இல்லை. இருமொழி நூலின் ஒரு பக்கத்தில் தமிழும் பிரெஞ்சும் எதிரெதிரே வரும்போது, எது எவ்வளவு பெரிது, எது எவ்வளவு கருமை, எதன் வடிவத்துக்கு எது இணங்குவது என்பவற்றை நூலை வடிவமைப்பவரே முடிவுசெய்கின்றார். பிரெஞ்சுக்கு அவர் 'செரிப்' எனப்படும் மரபான நூலெழுத்தைத் தயக்கமின்றித் தேர்கின்றார். தமிழுக்கு எதைத் தேர்வது? தமிழில் 'மரபான நூலெழுத்து' என்று ஒன்று உண்டா? உண்டெனின், அது எப்போது, எத்தேவையால் உருவாயிற்று? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது. நூலெழுத்தின் மரபு எழுத்தின் முனையில் உள்ள ஒப்பனையில் இல்லை, நூற்பக்கத்தின் தேவையிலேயே உள்ளது என்பதும், தமிழ் நூலெழுத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே நிகழ்ந்த உழைப்பால் நிலைபெற்றது என்பதும் இதன் கருதுகோள்.

'செரிப்' என்னும் சொல்லும் தமிழெழுத்தும்

இலத்தீன் எழுத்தின் தண்டு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அமையும் சிறு குறுக்குக்கோட்டைச் 'செரிப்' என்பர். உரோமானியக் கல்வெட்டுக்களின் தலைப்பெழுத்துக்களில் அது உண்டு. அகன்ற முனைப் பேனாவால் எழுதிய ஏட்டெழுத்திலும் அதன் இயல்பைக் காணலாம். வெனிஸ் நகரில் நிக்கொலா ஜென்சன் 1470இல் அச்சிட்ட நூல்களும், பதினாறாம் நூற்றாண்டில் பாரிசில் கிளோது கரமோன் செதுக்கிய எழுத்துக்களும் இவ்வடிவத்தை நூலுக்குரியதாக நிலைநிறுத்தின. கண்ணை வரியின் வழியே நடத்திச்செல்லல், தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி வருதலால் எழுத்துக்களை வேறுபடுத்தல், நெடுநேர வாசிப்புக்கு ஏற்ற சீரான கருமையைப் பக்கத்துக்கு அளித்தல் ஆகியன அதன் பயன்களாகக் கருதப்பெறுகின்றன.

தமிழெழுத்தின் பிறப்பு வேறு. பனையோலையில் எழுத்தாணியால் கீறப்பெற்ற எழுத்து ஒரே பருமன் உடையது. ஓலையின் நார் கிழியாதிருக்க அது வளைவை நாடிற்று. புள்ளி பெரும்பாலும் இடப்பெறவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் வேறுபடவில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருந்தன. குறுக்குக்கோடு பெறும் முனை இத்தகைய எழுத்துக்கு இயல்பன்று. ஆகவே 'தமிழ்ச் செரிப்' என்று தேடுவோர் இல்லாத ஓர் உறுப்பைத் தேடுகின்றனர். தேடத்தக்கது உறுப்பன்று, அவ்வுறுப்பு இலத்தீனில் நிறைவேற்றிய பணி. தமிழில் அப்பணியை எவை நிறைவேற்றின என்பதற்கு அச்சு வரலாறே விடை தருகின்றது.

ஓலையிலிருந்து ஈயத்துக்கு

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்டது. அண்டிரிக் அடிகளாரின் இந்நூலில் கோவாவில் 1577இல் வார்க்கப்பெற்ற எழுத்துக்களும் கொல்லத்தில் 1578இல் வார்க்கப்பெற்ற எழுத்துக்களும் இறுதிப் பக்கத்தில் அடுத்தடுத்துக் காட்டப்பெற்றுள்ளன. தமிழின் முதல் அச்சு நூல்களுள் ஒன்றே இவ்வாறு ஓர் எழுத்து மாதிரிப் பட்டியலாகவும் அமைந்தது. ஒரே மொழிக்கு இரு வடிவங்கள் இயலும் என்பதையும், அவற்றுள் தெரிவு தேவை என்பதையும் அப்பக்கம் உணர்த்துகின்றது. அவ்வடிவங்கள் ஓலைச்சுவடியின் எழுத்தையே பின்பற்றின. அச்சு இங்குக் கையெழுத்தின் நகல். நூலுக்கென அமைந்த எழுத்து இன்னும் பிறக்கவில்லை.

இரண்டாம் கட்டம் தரங்கம்பாடியைச் சார்ந்தது. 1706இல் அங்கு வந்த சீகன்பால்குவின் பணிக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழெழுத்துக்கள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியவை. அவ்வளவில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிடத் தாள் போதாது. ஆகவே பொறையாற்றில் சிறிய எழுத்துக்கள் உள்ளூரிலேயே வார்க்கப்பெற்றன. 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கி அவ்வெழுத்துக்கள் வார்க்கப்பட்டன என மிஷன் வரலாறுகள் கூறும். எழுத்தின் வடிவத்தைத் தாளின் விலை மாற்றியமைத்த முதல் நிகழ்ச்சி இது. பெரிய எழுத்தில் மறையாத குறை சிறிய எழுத்தில் வெளிப்படும். சுழி அடைபடும், வளைவுகள் ஒட்டும். சிறுமையே செம்மையைக் கட்டாயமாக்கியது.

மானிப்பாயும் சென்னையும்

அமெரிக்க மிஷனரிமார் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றினர். 1820இல் அவர்களுக்கென வந்த அச்சுத்தொழிலாளர் ஜேம்ஸ் காரெட் இலங்கையில் தங்குவதற்கு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இசையவில்லை. அச்சுப்பொறி நல்லூரிலிருந்த ஆங்கிலத் திருச்சபையினரிடம் சென்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1834இல், ஈஸ்ட்மன் மைனர் வந்தபின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் முறையாக இயங்கலாயிற்று. 1841இல் 'உதயதாரகை' அங்கிருந்து வெளிவந்தது. 1842இல் சந்திரசேகர பண்டிதரின் பெயரோடு வழங்கும் 'மானிப்பாய் அகராதி' அச்சேறியது.

நூலெழுத்தின் வரலாற்றில் அகராதி தனி இடம் பெறுவது. அதில் சொல் மிகுதி, பக்கம் குறைவு; தலைச்சொல்லும் பொருளும் ஒரே நோக்கில் வேறுபட வேண்டும். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொற்றொகுப்புப் பணி சென்னையில் மிரன் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதியாக 1862இல் நிறைவெய்தியது. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூலைச் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சிட்டவர் பினியாஸ் ஹண்ட். முன்னைய தமிழெழுத்துக்களினும் சிறியனவும் தெளிவானவுமான எழுத்துக்கள் அவர் காலத்தில் அங்கு உருவாயின. தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில், ஒன்றையொன்று விழுங்காது, அடுத்தடுத்து வரவேண்டிய தேவையை அவை நிறைவேற்றின. இன்று வில்லரேயில் ஒரு வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் இருமொழிப் பக்கச் சிக்கலுக்கு 1862இலேயே ஒரு செயல்முறை விடை இருந்தது என்பது கருதத்தக்கது. அவ்விடையில் தமிழெழுத்துக்கு இலத்தீன் முனைகள் ஒட்டப்பெறவில்லை. எழுத்தாணியின் ஒரே பருமன் கோடு நீங்கி, தடிப்பும் மென்மையும் மாறிவரும் கோடு தமிழ் வளைவுகளுக்குள்ளேயே அமைந்தது. செரிப் எழுத்தோடு தமிழெழுத்தை இணக்கியது முனையன்று, கருமையின் சமநிலையே.

மூலம், உரை, அடிக்குறிப்பு

மிஷன் அச்சகங்களில் உருவான நுட்பத்தைத் தமிழ்ப் புலமை மரபின் கருவியாக்கியவர்களுள் முதன்மையானவர் ஆறுமுக நாவலர். 1849இல் சென்னை சென்று அச்சுப்பொறி பெற்றுத் திரும்பிய அவர், வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்களும் 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனமும் ஐரோப்பிய நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் திட்டமாகப் பயன்படுத்தின. புள்ளியும் காற்புள்ளியும் நிலைபெற்றமை நூலெழுத்தின் ஓர் உறுப்பே நிலைபெற்றமையாகும். ஏனெனின், அச்சுக்கோப்பவரின் எழுத்துப்பெட்டியில் அவற்றுக்கும் இடம் வேண்டியிருந்தது.

அடுத்த தலைமுறையில் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் தொன்னூல்களைப் பதிப்பித்தனர். வீரசோழியம் 1881இலும், கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் 1887இலும், புறநானூறு 1894இலும் அச்சாயின. சுவடியில் மூலமும் உரையும் ஒரே எழுத்தில் இடைவெளியின்றித் தொடரும். எது செய்யுள், எது உரை, எது மேற்கோள் எனப் பிரித்தறிதலே பதிப்பாசிரியரின் பெரும்பணி. அவ்வாறு பிரித்தறிந்ததை வாசகருக்குக் காட்டியது எழுத்தின் அளவு வேறுபாடு. மூலம் பெரிய எழுத்தில், உரை அடுத்த அளவில், பாடபேதமும் குறிப்பும் அதனினும் சிறிய எழுத்தில் அமைந்தன.

இங்குத் தமிழ் நூலெழுத்தின் ஒரு தனித்தன்மை புலனாகின்றது. இலத்தீனில் தலைப்பெழுத்தும் சாய்வெழுத்தும் பொருள் வேறுபாட்டைக் காட்டும். தமிழில் தலைப்பெழுத்து இல்லை. சாய்வெழுத்துக்கு ஏட்டு மரபும் இல்லை. ஆகவே தமிழில் ஓர் எழுத்துருக் குடும்பம் என்பது நேரெழுத்தும் சாய்வெழுத்தும் சேர்ந்த இணையன்று. அது மூன்று அளவுகளின் ஒழுங்கு. மூலத்துக்கான பெரிய எழுத்தும் அடிக்குறிப்புக்கான சிறிய எழுத்தும் ஒரே வடிவத்தின் எளிய சுருக்கமும் பெருக்கமும் அல்ல. ஈய எழுத்தில் ஒவ்வோர் அளவும் தனித்தனியே செதுக்கப்பெற்றது. சிறிய அளவில் சுழிகள் சற்றே திறந்தும் கோடுகள் சற்றே தடித்தும் அமைய இது வழிசெய்தது. கணினியில் ஒரே வடிவத்தை எவ்வளவுக்கும் நீட்டுதலும் குறுக்குதலும் எளிதானபோது இந்நுட்பம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. இன்றைய தமிழ் நூல்களின் அடிக்குறிப்புக்கள் கண்ணை வருத்துதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழு அச்செழுத்துக்கள்

மரபெழுத்தைப் பற்றிய எவ்வாய்வும் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கடந்து செல்லலாகாது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களுட் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஆணையாக ஏற்றது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ ஆகிய பதின்மூன்று எழுத்துக்கள் ஏனைய வரிசைகளின் ஒழுங்குக்குக் கொண்டுவரப்பட்டன. கற்பித்தலுக்கும் தட்டச்சுக்கும் இதனால் விளைந்த எளிமை மறுக்கவியலாதது.

ஆயினும் அச்சுக்கோப்பவர் நிலையிலிருந்து நோக்கின் கணக்கு வேறுபடுகின்றது. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி மெய் 18, இ, ஈ, உ, ஊ வரிசைகள் 72, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி 4 எனக் கிரந்த எழுத்து நீங்கலாக ஒரு தமிழ்ப் பெட்டிக்கு அடிப்படையாக 125 அச்செழுத்துக்கள் வேண்டும். பழைய ணா, றா, னா என்னும் மூன்று அச்செழுத்துக்களே கொம்புகளோடு சேர்ந்து ஒகர ஓகார வரிசையின் ஆறு எழுத்துக்களையும் தந்துவிடும். பழைய ஐகார வடிவங்கள் நான்கு. ஆக, பதின்மூன்று எழுத்துக்களின் பழைய வடிவங்களுக்கு வேண்டியவை ஏழு அச்செழுத்துக்களே. 132இல் ஏழு நீங்கின என்பதே அச்சகத்தின் கணக்கு.

அச்சகத்துக்குச் சிறிதாயினும் வாசகருக்கு அவ்வேழும் சிறியன அல்ல. நாவலர் பதிப்பும் சாமிநாதையர் பதிப்பும் வின்சுலோ அகராதியும் அவ்வடிவங்களிலேயே உள்ளன. தமிழ்நாட்டின் ஆணை இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தமிழ்நாட்டில் அச்சான நூல்கள் வழியாகவும், பின்னர்க் கணினி எழுத்துருக்கள் வழியாகவும் புதிய வடிவங்களே புலம்பெயர்ந்த தமிழரின் எழுத்தாயின. மொன்றியலில் வார இறுதித் தமிழ் வகுப்பிற் பயிலும் சிறுமி, தன் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து கொணர்ந்த நூலைத் திறந்தால், மொழி அறிந்திருந்தும் ஐகாரத்தில் தடுக்கி நிற்பாள். அவளுக்கும் அந்நூலுக்கும் இடையே நிற்பவை ஏழு வடிவங்கள். அவற்றை மீண்டும் வழக்கிற் கொணர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அவற்றை வாசிக்கவும் அச்சிடவும் இயலும் நிலையைக் காத்தல் வேண்டும் என்பதே.

கனடாவில் நூலெழுத்து

தமிழர் வந்து சேர்ந்த நாட்டின் எழுத்து வரலாறும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கொல்லத்தில் 1578இல் தமிழ் அச்சேறியபோது மொன்றியல் நகரமே தோன்றியிருக்கவில்லை. அது 1642இல் நிறுவப்பெற்றது. பிரெஞ்சு ஆட்சிக்காலம் முழுவதும் நவபிரான்சில் அச்சகம் இல்லை. மார்சேய் நகரிற் பிறந்த பிளெரி மெஸ்பிளே 1776இல் பிலடெல்பியாவிலிருந்து வந்து மொன்றியலின் முதல் அச்சகத்தை நிறுவினார். எழுத்துக்களும் வெளியிலிருந்தே வந்தன.

1840இல் நார்வே ஹவுஸ் என்னும் இடத்தில் ஜேம்ஸ் எவன்ஸ் கிரீ மொழிக்கான அசையெழுத்துக்களை வார்த்தபோது தேயிலைப் பெட்டிகளின் ஈய உறையை உருக்கினார். பொறையாற்றின் பாலாடைக்கட்டிப் பெட்டிகளும் நார்வே ஹவுசின் தேயிலைப் பெட்டிகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: அச்சின் மையத்திலிருந்து விலகி வாழும் மொழிகள் தம் எழுத்தைக் கைக்கெட்டிய பொருளால் வார்த்துக்கொள்கின்றன.

கனடாவின் சொந்த இலத்தீன் நூலெழுத்து என மதிக்கப்பெறும் 'கார்ட்டியே' 1967இல், கூட்டாட்சியின் நூற்றாண்டில், வெளிவந்தது. அதன் ஆக்கியோர் கார்ல் டேர், ஒன்ராறியோவின் வெலண்ட் நகரிற் பிறந்தவர்; 1940களின் இறுதியில் மொன்றியலில் ஹென்றி எவ்லியோடு இணைந்து வடிவமைப்பகம் நடத்தியவர். நூலெழுத்தொன்றை ஆக்க விரும்பிய அவர் 1956இல் நெதர்லாந்தின் ஆர்லெம் நகருக்குச் சென்று, என்ஸ்கெடே வார்ப்பகத்தில், ரேடிஷ் என்னும் கைவினைஞரிடம் எஃகில் எழுத்துச் செதுக்கும் கலையைப் பயின்றார். கார்ட்டியே ஒளியச்சுக் கோப்புக்காக வெளிவந்த எழுத்து. ஆயினும் அதன் ஆக்கியோர் உளியின் வழியே அதனை அடைந்தார். அதே ஆண்டில் டேர் மறைந்தார். ராட் மக்டொனல்ட் அதனைச் செப்பமாக்கி 2000இல் 'கார்ட்டியே புக்' என வெளியிட்டார்.

டேரின் வழி நமக்கு ஒரு பாடம் தருகின்றது. புதிய நாட்டுக்கு நூலெழுத்து வேண்டும் என்று எண்ணியவர் நாட்டுச் சின்னங்களை எழுத்தில் ஒட்டவில்லை. எழுத்து எவ்வாறு செய்யப்பட்டது என்பதைக் கற்றார். மரபு அவருக்குச் செய்முறை அறிவாக இருந்தது. தமிழில் அத்தகைய அறிவு மானிப்பாயிலும் சென்னையிலும் அச்சான நூல்களின் பக்கங்களில் உறைந்து கிடக்கின்றது.

இருமொழிப் பக்கம்

புலம்பெயர் தமிழரின் கணினி அச்சு பாமினி போன்ற எட்டு பிட்டு எழுத்துருக்களோடு வளர்ந்தது. இலத்தீன் எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைப்பது அவற்றின் முறை. ஆகவே ஒரே எழுத்துருவில் தமிழும் பிரெஞ்சும் வாழ இயலவில்லை. பிரெஞ்சின் உச்சிக்குறி பெற்ற உயிரெழுத்துக்கள் வரும்போதெல்லாம் எழுத்துருவை மாற்ற வேண்டியிருந்தது. 1991இல் யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், நூல் வடிவமைப்பு மென்பொருள்கள் அதனை முறையாகக் கையாளப் பல்லாண்டுகள் சென்றன. இன்று ஓப்பன்டைப் முறையில் தமிழும் இலத்தீனும் ஒரே எழுத்துருவில் அமைகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இயங்கும் டைரோ டைப்வொர்க்ஸ் வெளியிட்ட 'டைரோ தமிழ்' இலக்கிய நூல்களை நோக்கமாகக் கொண்டது. பெர்னாண்டோ மெல்லோவும் பியோனா ராசும் வடிவமைத்த தமிழும் ஜான் ஹட்சனின் இலத்தீன் செரிப் எழுத்தும் அதில் ஒருங்கே உள்ளன.

இவ்வரலாற்றிலிருந்து இருமொழி நூலுக்கு நான்கு நெறிகளைப் பெறலாம். முதலாவது, செரிப் எழுத்தின் அருகில் நிற்கும் தமிழெழுத்துக்குச் செரிப் முனைகள் வேண்டா; தடிப்பும் மென்மையும் மாறிவரும் கோடும் ஒத்த கருமையும் போதும். இரண்டாவது, பாயின்ட் அளவை ஒன்றாக வைப்பது சமத்துவம் ஆகாது. தமிழெழுத்தின் உடல் இலத்தீனின் சிற்றெழுத்துக்கு ஒப்பிடத்தக்கது. கண்ணளவில் ஒத்துவரும் வகையில் இரண்டையும் தனித்தனியே அமைத்தல் வேண்டும். இகர ஈகார விசிறிகள் மேலும், உகர ஊகாரக் குறிகள் கீழும் செல்லுதலால் வரியிடைவெளியைத் தமிழுக்கு ஏற்பவே தீர்மானித்தல் தகும். மூன்றாவது, பிரெஞ்சுப் பக்கத்தில் சாய்வெழுத்து செய்யும் பணியைத் தமிழ்ப் பக்கத்தில் அளவும் தடிப்பும் செய்யட்டும். தமிழெழுத்தைப் பொறியால் சாய்த்தல் வளைவுகளின் சமநிலையைக் குலைக்கும். நான்காவது, பழைய ஏழு வடிவங்களையும் மாற்று வடிவங்களாக எழுத்துருவிற் சேர்த்தல் வேண்டும். யூனிகோடில் பழைய ணாவும் புதிய ணாவும் ஒரே குறித்தொடரே. ஆகவே ஒரு நூலைப் புதிய எழுத்தில் கோத்தபின், பாடத்தில் எதனையும் திருத்தாது, வடிவத்தை மட்டும் மாற்றி முதற்பதிப்பின் தோற்றத்தில் காட்ட இயலும். தேடலுக்கும் அட்டவணைக்கும் இடையூறு நேராது.

முடிவுரை

தமிழில் மரபான நூலெழுத்து உண்டு. அது ஓலைச்சுவடியின் நகலாகத் தொடங்கி, தாளின் விலையால் சிறுத்து, அகராதியின் நெருக்கத்தால் தெளிந்து, பதிப்பாசிரியரின் தேவையால் மூன்று அளவுகளாக ஒழுங்குபெற்றது. இம்மாற்றங்களுள் ஒன்றேனும் அழகுக்காக மட்டும் நிகழ்ந்ததன்று. ஒவ்வொன்றும் ஒரு வாசகரை முன்னிறுத்தி நிகழ்ந்தது.

வில்லரேயின் கடைப்பலகையில் தமிழெழுத்தின் அளவைச் சட்டம் முடிவுசெய்யலாம். அதே தெருவில் வாழும் ஒருவர் தம் பிள்ளைகளுக்காக வெளியிடும் இருமொழி நூலில் அம்முடிவு அவருடையது. அந்நூலின் தமிழ்ப் பக்கம் பிரெஞ்சுப் பக்கத்தின் நிழலாக அமையாது நிகராக அமைவதற்கு வேண்டிய அறிவு நம் பழம்பதிப்புக்களில் உள்ளது. ஆய்வு நூலகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களை மின்னுருவாக்கும்போது பாடத்தை மட்டுமன்றி எழுத்தின் அளவு, வார்ப்பு, பக்க அமைப்பு ஆகியவற்றையும் நூற்பட்டியலிற் பதிவு செய்யுமாயின், அவ்வறிவு அடுத்த எழுத்துருவை ஆக்குவோர் கைக்கு எட்டும்.